திரைக்கு வெளியே இரண்டு விரல்கள்

என் வீட்டுக்காரர் லியாவுக்கு உள்ளங்கை இரண்டும் சிவப்பு. செங்கல் பொடியைத் தேய்த்துவிட்டது போல இருக்கும். சிவந்த கை பணக்காரக் கை என்று எங்கள் படகுத்துறைப் பக்கம் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்றே என் அப்பாவின் முகத்துக்கு நேரே அந்தக் கையை விரித்துக் காட்டித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பணம் வந்த பாடில்லை. சோயா ஊறவைத்த தண்ணீரில் கிடந்து கிடந்து என் கைதான் வெளுத்துச் சுருங்கிப் போனது.

அந்தப் பணக்காரக் கையைத்தான் வென் வைத்தியர் ஊர் நடுவில் வைத்துப் பழித்துவிட்டார்.

வென் பக்கத்து மாவட்டத்துக்காரர். சொந்தமாக வைத்தியம் பார்க்கலாம் என்று அரசாங்கம் விட்ட வருடம், எங்கள் டோஃபு கடைக்கு எதிரே ஒரு அறையைப் பிடித்துப் பலகை மாட்டினார். ஒல்லி மனிதர், நாற்பது வயதுக்குள் இருக்கும், சிரிக்கவே தெரியாது. நோயாளி வாய் திறப்பதற்கு முன் கையைத்தான் பார்ப்பார். நகத்தில் பிறை இருக்கிறதா, நுனி நீலமா, உள்ளங்கை எந்த மேட்டில் சிவந்திருக்கிறது என்று பார்த்த பிறகே நாடியைத் தொடுவார். வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் சுற்றி நின்று சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே அடுத்தவன் நோயைக் கேட்பார்கள். எங்கள் ஊரில் வயிற்றுப்போக்குக்குக்கூட ரகசியம் கிடையாது.

லியாவ் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனார். போனவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். விரித்து நீட்டினார்.

"பாத்துக்கோங்க வைத்தியரே, பணக்காரக் கை! இந்த மாதிரி எத்தன பாத்திருக்கீங்க?"

"நிறைய பாத்திருக்கேன். எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க" என்றார் வென். "நடுவுல வெளுத்து, ஓரத்து மேடு ரெண்டும் மட்டும் சிவந்திருக்கு. இது பணம் இல்ல அண்ணே, ஈரல். சாராயத்த இன்னிக்கே நிறுத்துங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பு எதிரே டோஃபு வெட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. லியாவ் முகம் கையை விடச் சிவந்து வீட்டுக்கு வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இருபது வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒருத்தன் ஒரே வரியில் சொல்லிவிட்டானே!

அடுத்த சந்தை நாளில் லியாவ் பழிவாங்கக் கிளம்பினார். அன்று வென் ஒரு படகுக்காரன் மனைவியின் நடுவிரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் தாண்டிருச்சு, கனமா எதையும் தூக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

"விரல புடிச்சா வயித்துல இருக்கறது தெரிஞ்சிடுமா?" என்று கத்தினார் லியாவ்.

"தெரியும். கர்ப்பம் தங்கினா நடுவிரல் ரெண்டு பக்கமும் துடிக்கும். முதல்ல அடிக்கணுவுல. மாசம் ஏற ஏறத் துடிப்பும் மேல ஏறும். பிரசவ நேரத்துல நுனியிலயே அடிக்கும்."

"மூஞ்சி பாக்காம சொல்லுவீங்களா?"

"விரலுக்கு எதுக்கு மூஞ்சி?"

லியாவ் தொடையைத் தட்டினார். "அப்ப சரி! என் வீட்டுல ரெண்டு பொம்பளைங்க. என் பொண்டாட்டி, என் மருமக. ஒருத்தி முழுகாம இருக்கா, யாருன்னு ஊருக்கே தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும், இந்தப் பக்கம் ரெண்டு விரல். எதுன்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா உங்க பலகை என் டோஃபு அடுப்புல எரியும்."

"சரியாச் சொன்னா?"

லியாவின் கை இடுப்பிலிருந்த சாராயக் குடுக்கைக்குப் போனது. கூட்டம் விடுமா? "சாராயம்! சாராயம்!" என்று கத்தியது.

"சரி போ, நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டார்.

வென் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சுலபமான பந்தயம்தானே, ஒன்று ஐந்தாம் மாதத்துப் பெண், மற்றது மாதவிலக்கு நிற்கிற வயதுக்காரி. குருடன்கூடச் சொல்வான். ஒரு சிரமம்தான் இருந்தது. இரண்டு பேரும் டோஃபுக்காரிகள், விரல்கள் ஒரே மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதுவும் போதாதென்று லியாவ் டோஃபு பிழிகிற துணியை எங்கள் கைகளில் சுற்றி, நடுவிரலை மட்டும் வெளியே விட்டுக் கட்டினார்.

மருமகள் சாய்யுன் வரமாட்டேன் என்றாள். இருபத்தோரு வயது, குரல் எழும்பாத பெண். என் மகன் தெற்கே கட்டட வேலைக்குப் போய்ப் புத்தாண்டுக்குக்கூட வரவில்லை. போவதற்கு முன் வயிற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான் என்பதில்தான் எங்கள் வீட்டுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கச் சந்தோஷம். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு பிள்ளைதான் என்ற சட்டம், அந்த ஒன்றுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக் கமிட்டிக்காரி அதை நேரில் கொண்டுவந்து கொடுத்து, எங்கள் டோஃபுவையும் ஒரு தட்டு தின்றுவிட்டுப் போனாள்.

"வேணாம்மா, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் சாய்யுன். எங்கள் பக்கம் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னடி ஒரு மாதிரி? விரல நீட்டறதுக்கு நல்ல நாள் பாக்கணுமா? உங்க மாமா குடிய விடுறதுக்கு இந்த ஒரு வழிதான் இருக்கு. வா!"

கையைப் பிடித்து இழுத்தேன். பனி விலகியும் பஞ்சுச் சட்டையைக் கழற்றாமலே திரிந்தாள். கர்ப்பிணிக்குக் குளிரும் என்று நினைத்து நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் கடை வாசலில் தொங்குகிற பஞ்சுத் திரைக்குப் பின்னால் இரண்டு முக்காலி. கணப்புப் பக்கம், மெத்தை போட்டது அவளுக்கு. மற்றது எனக்கு. திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கை வெளியே போனது. வென் முதலில் பார்த்தது அவள் விரலை, அடுத்து என் விரலை. வென் என் விரலைப் பிடித்தார். டோஃபு இறுகிவிட்டதா என்று நான் தொட்டுப் பார்ப்பேனே, அப்படி ஒரு தொடுகை. ஓரத்தில் அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். இவ்வளவு நேரம் ஏன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"முதல் விரல்ல ஒண்ணும் இல்ல" என்றார் வென். "ரெண்டாவதுல இருக்கு. துடிப்பு நடுக்கணுவுக்கு வந்திருக்கு. நாலு மாசம் நிறைஞ்சிருக்கும்."

வெளியே வெடித்த சிரிப்பில் திரையே ஆடியது.

"ஐயோ, என் கிழவி!" லியாவ் குதிப்பது கேட்டது. "என் கிழவி முழுகாம இருக்காளாம்! மகன் பொறந்து இருபத்தோரு வருஷம், புழு பூச்சி தங்கல, இப்பத் தங்கிருச்சாம்! டேய், அந்தப் பலகைய எறக்குங்கடா!"

நானும் சிரிக்க வாய் திறந்தேன். பக்கத்து முக்காலியைப் பார்த்தேன். சாய்யுன் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஒரு துளி ரத்தம் இல்லை. துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பிக்க வழியில்லாத கோழி மாதிரி என்னையே பார்த்தாள்.

"சாய்யுன்?"

முக்காலியிலிருந்து சரிந்து தரையில் மண்டியிட்டாள். என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெளியே கேட்கக் கூடாதே என்று என் மடியில் வாயைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அம்மா வீட்டுக்குப் போனப்பவே போயிருச்சும்மா. புத்தாண்டுக்கு முன்னாடி, பன்னெண்டாம் மாசம். ரத்தமாப் போயிருச்சு. நீங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பன்னிரண்டாம் மாதத்திலிருந்து அந்தப் பஞ்சுச் சட்டைக்குள் இவள் என்னத்தைச் சுமந்தாள்? தினமும் நான் முட்டை அவித்து ஊட்டினேனே, அதை எப்படி விழுங்கினாள்? கோபமா பாவமா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. அதற்குள் அடுத்த அடி விழுந்தது. முதல் விரலில் ஒன்றுமில்லை என்று அந்த மனிதர் சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இரண்டாவது விரல்?

நாள் தள்ளிப் போனபோது வயதாகிவிட்டது என்று நினைத்தேன். குமட்டியபோது புளித்த சோயாச் சக்கையின் நாற்றம் என்று நினைத்தேன். போன வாரம் அடிவயிற்றில் ஏதோ நெளிந்ததே, அதை வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தேன். மகனுக்குப் பிறகு இன்னொன்று வேண்டும் என்று எத்தனை கஷாயம், எத்தனை கோயில், எத்தனை வைத்தியன்! எல்லாம் ஓய்ந்து, ஆசையே செத்துப்போன பிறகா? என் கை தானாக வயிற்றுக்குப் போனது. சாய்யுன் அதைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. கடவுளே, அந்தத் திரைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை எந்த மாமியார் மருமகளுக்கும் வர வேண்டாம்.

வெளியே பலகையைக் கழற்றுகிற சத்தம்.

"பலகைய எரிங்க, பரவால்ல" என்றது வென்னின் குரல். "ஆனா அந்த அம்மாவ பாரம் தூக்க விடாதீங்க. வேணும்னா உள்ள ஒரு பொம்பளய அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

"எதுக்குப் பொம்பள? நானே திரையத் தூக்கிக் காட்டுறேன், எல்லாரும் பாருங்க!" லியாவின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்தது.

யோசிக்க நேரமில்லை. சாய்யுன்னின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கி என் முக்காலியில் உட்கார வைத்தேன். நான் அவள் மெத்தையில் விழுந்தேன். திரை விலகியது. வெளிச்சமும் ஊரின் முகங்களும் ஒன்றாக உள்ளே வந்தன.

"என்னத்துக்குக் கெடந்து குதிக்கிற?" என்று நான்தான் முதலில் கத்தினேன். "கணப்புப் பக்கம் உக்காந்தா மூச்சு முட்டுதுன்னு இவ சொன்னா. விரல நீட்டறதுக்கு முன்னாடியே நான்தான் இடத்த மாத்திக்கிட்டேன். முதல் விரல் என்னுது, ரெண்டாவது விரல் அவளுது. வைத்தியர் சரியாத்தான் சொல்லியிருக்காரு!"

லியாவ் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கூட்டத்தில் எழுந்த கூச்சலில் என் அடுப்பிலிருந்த சோயாப் பாலே பொங்கியிருக்கும். பலகையைக் கழற்றியவனே ஓடிப்போய் அதை மாட்டினான். மீன்காரன் லியாவின் இடுப்பிலிருந்த சாராயக் குடுக்கையைப் பிடுங்கி ஆற்றுப் பக்கம் ஓடினான்.

"ஒரே ஒரு கிண்ணம்டா, கடைசியா ஒரு கிண்ணம்!" என்று லியாவ் பின்னால் ஓடினார்.

வென் மட்டும் நகரவில்லை. நான் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் நடுவிரல் நகம் எப்போதோ திருகைக் கல்லில் நசுங்கி நெடுக்காகப் பிளந்திருந்தது. அதை நான் மறந்தேபோயிருந்தேன். அவர் அந்த நகத்தைப் பார்த்தார், பிறகு சாய்யுன்னின் முழு நகத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"மசக்கைக்கு இஞ்சி வேண்டாம், சூடு" என்றார். பேச்சு மருமகளுக்கு, கண் என் மேல். "திருகைக் கல்லச் சுத்த வேண்டாம். வயசுக்குத் தகுந்த மாதிரி ஜாக்கிரதையா இருக்கணும்." தலையைக் குனிந்து வணங்கிவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். சிரிக்கத் தெரியாத மனிதனுக்கு வாயை மூடவும் தெரிந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் சாய்யுன் கடைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என் காலில் விழுந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்குக் குடுத்துட்டீங்களேம்மா! செத்தாலும் மறக்க மாட்டேன்மா."

"எதக் குடுத்தேன்?"

"ரெண்டாவது விரல் என்னுதுன்னு சொன்னீங்களே."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று விழுந்த அடிகளில் இதுதான் பலமானது. நான் அவள் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னேன். அடுத்த வாரம் வழுக்கி விழுந்தாள், கலைந்தது என்று இன்னொரு பொய் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். இந்தப் பெண்ணோ என் வயிற்றையே கேட்டு வாங்கிக்கொண்டது போல உட்கார்ந்திருக்கிறாள்.

"உன் மூஞ்சியக் காப்பாத்தினேன்டி, புள்ளையத் தரல! இருபது வருஷம் தவம் கெடந்து வந்தது இது. உனக்கு வயசு இருக்கு, நாளைக்கே இன்னொண்ணு பெத்துக்கலாம். எனக்கு?"

அவள் அழுகை நின்றது. மெதுவாகத்தான் சொன்னாள்: "கமிட்டிக்கார அக்கா விடுவாங்களாம்மா?"

அவள் குத்திக்காட்டவில்லை. அப்பாவியாகத்தான் கேட்டாள். ஆனால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், என் கணக்கு முடிந்துவிட்டது. போன வருடம் செங்கல் சூளைக்காரன் மனைவியை, இரண்டாவது பிள்ளை என்று, ஏழாம் மாதத்தில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது அவள் வயிறு தட்டையாக இருந்தது, யாரிடமும் பேச்சு இல்லை. என் வயிற்றில் இருந்தால் இது பிறக்காது. அவள் வயிற்றில் இருப்பதாகச் சொன்னால்தான் பிறக்கும். அனுமதிச் சீட்டு அவளுடையது, வாழ்த்தும் ஏற்கெனவே அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரைத் திட்டுவது? வாய்க்கு வந்த எல்லாரையும் திட்டினேன். வென்னை, லியாவை, மகனை, கமிட்டியை, கடைசியில் கடவுளையும். சாய்யுன் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

லியாவிடம் சொன்னபோது சோயா ஊறிய தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நேராக உள்ளே விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை, தண்ணீர் சொட்டச் சொட்ட, "என்னுதா?" என்று கேட்டார்.

"இல்ல, வைத்தியரோட விரல்ல இருந்து ஒட்டிக்கிச்சு! கேக்கறான் பாரு கேள்வி!"

பிறகு அந்த மனிதன் சிறுபிள்ளை மாதிரி அழுதார். குடித்திருந்தால் அழுதிருக்க மாட்டார்.

கோடை ஏறும் முன் நானும் சாய்யுன்னும் மலைமேல் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனோம். தலைப்பிரசவம், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, மாமியார் கூடவே இருந்து பார்க்கிறாள் என்று ஊர் என்னைப் புகழ்ந்தது. அங்கே எனக்கு வயிறு வளர்ந்தது, அவளுக்குத் துணி மூட்டை வளர்ந்தது. மகனுக்குச் சேதி போய், அவன் ஒருநாள் வந்து, வாசலில் உட்கார்ந்து சிகரெட்டாக ஊதித் தள்ளிவிட்டு, "சரிம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

பெண் குழந்தை. நாற்பத்து நாலு வயதில் உயிர் போய் உயிர் வந்தது. தொப்புள்கொடி அறுத்ததும் தங்கை குழந்தையைத் துடைத்து யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். நான்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த அன்று ஊரில் விருந்து. சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். "பொண்ணாப் போச்சேன்னு வருத்தப்படாதே அண்ணி. அப்படியே உன் மூக்கு!" என்றாள் மீன்காரன் மனைவி. "பேத்தி பாட்டி மாதிரிதான இருக்கும்?" என்று சிரித்துவைத்தேன். மார்பை டோஃபு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். உள்ளே குழந்தை அழும்போதெல்லாம் துணி நனைந்தது. சாய்யுன்னுக்குப் பால் இல்லை, கஞ்சித் தண்ணீர்தான் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தோம். யாரும் பார்க்காதபோது நான் கொடுப்பேன், நெஞ்சில் வைத்துக்கொள்ளாமல் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். வைத்துக்கொண்டால் கொடுக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. விருந்துக்கு வந்த வென்னைப் பார்க்கச் சொன்னார் லியாவ். பந்தயம் தோற்றதிலிருந்து அவர் வைத்தியரை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. சாய்யுன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் முட்டைத் தட்டோடு பக்கத்தில் போய் நின்றேன். கைக்குழந்தைக்கு நாடி பார்க்க முடியாது. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஓடும் நரம்பைத் தேய்த்து, அதன் நிறத்தையும் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதையும்தான் பார்ப்பார்கள். ஆண் என்றால் இடது கை, பெண் என்றால் வலது. குழந்தை விரலை மடக்கிக்கொண்டு வீறிட்டது.

வென் குனிந்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "அம்மா, வலது கையப் பிடிச்சுக்கோங்க."

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் போயின.

என் கையிலிருந்த தட்டு சரிந்து ஒரு முட்டை தரையில் உருண்டது. மீன்காரன் மனைவி பார்த்தாள், லியாவ் பார்த்தார். வென் நிமிரவில்லை. சாய்யுன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்பது போல, அவ்வளவு பேர் நடுவில், கண் நிறைய என்னைப் பார்த்தாள். பிடித்துவிடலாம் என்றுதான் இருந்தது. எனக்கு அதைவிட வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"என்னடி என் மூஞ்சியப் பாக்கிற?" என்று அதட்டினேன். "அம்மாவத்தான கூப்பிடுறாரு? புடி!"

அவள் பிடித்தாள்.